ரெய்டு டிஸ்க்கை விரிவாக்கும்போது வரும் தவறான மெசேஜ்கள் - நம்புவதா, பயப்படுவதா?

ஹார்ட் டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டதால் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிச் சேர்த்தீர்கள். கம்ப்யூட்டர் "எல்லாம் சரி" என்கிறது. ஆனால் இடம் மட்டும் கூடவில்லை. அல்லது இடம் கூடிவிட்டது, ஆனால் "டிஸ்க்கைக் காணோம்" என்று ஒரு மெசேஜ் வருகிறது. இரண்டில் எதை நம்புவது? இந்தக் குழப்பத்தில் அவசரப்பட்டு நல்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, இருந்த டேட்டாவையும் இழப்பவர்கள் உண்டு. அந்த நிலைக்கு மிக அருகில் சென்று திரும்பியவர் எங்கள் சித்தப்பா. அவர் கதையோடு இந்தப் பாடத்தைத் தொடங்குவோம்.

சித்தப்பா பாலவாக்கத்தில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறார். வீடியோ பைல்களை வைப்பதற்காக ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, மூன்று 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்துக் கொடுத்திருந்தேன். முகூர்த்த மாதம் வந்தது, இடம் தீர்ந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் நான்காவது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். அன்று இரவு நான் ஓ.எம்.ஆரில் உள்ள அலுவலகத்தில் நைட் ஷிஃப்ட்டில் இருந்தேன். கட்டளைகளை போனில் சொல்லச் சொல்ல அவரே டைப் செய்தார். வேலை தொடங்கிவிட்டது என்று போனை வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து, பதினோரு மணிக்கு மறுபடி அழைத்தார்.

"டேய், ரெண்டாம் நம்பர் டிஸ்க் போயிடுச்சுடா. மெயில்லயும் மிஸ்ஸிங்னு வந்திருக்கு. இடமும் ஏறல. கேபினெட்டைத் திறந்துட்டேன், அந்த டிஸ்க்கைக் கழட்டிடவா?"

"சித்தப்பா, கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. ஸ்க்ரீன்ல இருக்கறதை அப்படியே படிங்க" என்றேன்.

அந்த டிஸ்க்குகளில் இரண்டு கல்யாண வீடியோக்கள் இருந்தன. பார்ட்டிக்கு இன்னும் கொடுக்கவில்லை. கேமராவின் மெமரி கார்டுகளை அழித்து அடுத்த வேலைக்கு எடுத்துப் போய்விட்டார். அதாவது உலகத்திலேயே அந்தக் கல்யாணங்களுக்கு இருந்த ஒரே பிரதி அதுதான்.

உண்மையில் எந்த டிஸ்க்கும் போகவில்லை. கம்ப்யூட்டர் காட்டிய மூன்று விவரங்களும் தனித்தனியே சரிதான். மூன்றையும் சேர்த்துப் படித்ததில்தான் தவறு நேர்ந்தது.

ரெய்டு என்றால் என்ன?

பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மூலம் இந்தப் பெயர் பரவியது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கூறிய யோசனை.

இதற்கெனத் தனி கார்டு விற்கிறார்கள். கார்டு இல்லாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டமே இந்த வேலையைச் செய்தால் அது சாஃப்ட்வேர் ரெய்டு. லினக்ஸில் இதனைக் கையாளும் புரோகிராமின் பெயர் எம்-டி-ஏ-டி-எம் என்ற ஐந்து எழுத்துக்கள். "எம்டிஆடம்" என்று சொல்வார்கள். நீல் பிரவுன் என்பவர் 2001ல் எழுதத் தொடங்கியது. டெபியன், உபுண்டு, சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய எல்லாவற்றிலும் இதனைப் பயன்படுத்தலாம்.

ரெய்டில் பல வகைகள் உண்டு. வீடுகளில் பயன்படும் வகைகளில் ஒன்று ரெய்டு 5. இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் எளிய கணக்கில் பார்ப்போம். முதல் டிஸ்க்கில் 5 என்று எழுதுகிறோம். இரண்டாவதில் 7. மூன்றாவதில் இரண்டின் கூட்டல் 12. இப்போது இரண்டாவது டிஸ்க் பழுதாகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். 12லிருந்து 5ஐக் கழித்தால் 7 கிடைத்துவிடும். உண்மையில் கூட்டலுக்குப் பதில் எக்ஸ்-ஆர் என்ற பிட் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். கூட்டல் விடையும் ஒரே டிஸ்க்கில் இல்லாமல் எல்லா டிஸ்க்குகளிலும் மாறி மாறி எழுதப்படும். ஆனால் அடிப்படை இதுதான்.

இதனால் இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, ஒரு டிஸ்க்கின் அளவு கணக்குக்காகப் போய்விடும். மூன்று 2 டெராபைட் டிஸ்க்குகளில் நமக்குக் கிடைப்பது 4 டெராபைட். நான்கு டிஸ்க்குகள் என்றால் 6 டெராபைட். இரண்டு, ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டு போனால் எல்லாமே போய்விடும். சித்தப்பா ஒரு நல்ல டிஸ்க்கைக் கழற்றியிருந்தால் டேட்டா உடனே போயிருக்காது. ஆனால் பாதுகாப்பு முழுவதும் போயிருக்கும். அடுத்த டிஸ்க்கில் ஒரு சின்ன கோளாறு வந்தாலும் கதை முடிந்திருக்கும்.

விரிவாக்கும் வேலையின் படிகள்

தவறான மெசேஜ்களைப் புரிந்துகொள்ள, சரியான வரிசை தெரிய வேண்டும். கீழே கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் டெர்மினல் விண்டோவில் ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் டைப் செய்ய வேண்டும்.

1. முதலில் முக்கியமான பைல்களை வேறொரு டிஸ்க்கில் பேக் அப் எடுத்துக் கொள்ளுங்கள். இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, புதிய டிஸ்க்கை சாட்டா கேபிளில் இணையுங்கள்.

3. புதிய டிஸ்க்கில் பழைய டிஸ்க்குகளில் உள்ள அதே அளவுக்கு அல்லது அதைவிடப் பெரிதாக ஒரு பார்ட்டிஷன் உருவாக்குங்கள். சிறிதாக இருந்தால் சேர்க்க முடியாது.

4. எம்டிஆடம் கட்டளையில் "ஆட்" என்ற ஆப்ஷன் கொடுத்து அந்தப் பார்ட்டிஷனைச் சேருங்கள். ஆப்ஷனின் முன்னால் இரண்டு சிறு கோடுகள் வர வேண்டும்.

5. அதே கட்டளையில் "க்ரோ" ஆப்ஷன் கொடுத்து, டிஸ்க்குகளின் எண்ணிக்கை 4 என்று குறிப்பிடுங்கள். 2006ல் வந்த 2.6.17 கெர்னல் முதல் ரெய்டு 5ஐ இப்படிக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரிவாக்க முடிகிறது. இந்த இடத்தில் புரோகிராம் ஒரு பேக் அப் பைலின் பெயரைக் கேட்டால், அதை ரெய்டுக்கு வெளியே உள்ள டிஸ்க்கில் கொடுங்கள்.

6. பழைய டேட்டா முழுவதும் நான்கு டிஸ்க்குகளுக்கும் பங்கு பிரித்து மறுபடி எழுதப்படும். இதற்கு ரீஷேப் என்று பெயர். முடியும் வரை காத்திருங்கள்.

7. பிறகு பைல் சிஸ்டத்தைப் பெரிதாக்குங்கள்.

8. கடைசியாக எம்டிஆடமின் கான்ஃபிகரேஷன் பைலைச் சரிபாருங்கள்.

எட்டுப் படிகளிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க மூன்று ஜன்னல்கள் உண்டு. ப்ராக் டைரக்டரியில் உள்ள "எம்டிஸ்டாட்" என்ற பைல் ஒன்று. எம்டிஆடம் கட்டளையின் "டீடெயில்" ஆப்ஷன் இரண்டாவது. "டிஎஃப்" கட்டளை மூன்றாவது. முதல் இரண்டும் ரெய்டைப் பற்றிச் சொல்பவை. மூன்றாவது பைல் சிஸ்டத்தைப் பற்றிச் சொல்வது. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். குழப்பத்தின் ஆணிவேர் இதுதான்.

இனி ஏமாற்றும் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெசேஜ் 1: டிஸ்க் சேர்ந்துவிட்டது, ஸ்டேட்டஸ் "க்ளீன்", ஆனால் இடம் கூடவில்லை

நான்காவது படியோடு நின்றுவிட்டால் இப்படி வரும். "ஆட்" கொடுத்தவுடன் புதிய டிஸ்க் ஸ்பேர் ஆக மட்டுமே சேர்கிறது. காரின் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி டயர் மாதிரி. மற்றொரு டயர் பஞ்சர் ஆகும்வரை அதற்கு வேலை இல்லை. டீடெயில் பார்த்தால் "ஒர்க்கிங் டிவைசஸ் 4" என்று வரும். அதைப் பார்த்து நான்கும் வேலை செய்கின்றன என்று நினைத்துவிடுவோம். அதற்கு அருகில் உள்ள வரிகளையும் படியுங்கள். "ஆக்டிவ் டிவைசஸ் 3", "ஸ்பேர் டிவைசஸ் 1" என்று இருக்கும். எம்டிஸ்டாட் பைலில் அந்த டிஸ்க்கின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எஸ் என்ற எழுத்து இருக்கும். "க்ரோ" கொடுத்தால்தான் அது வேலைக்கு வரும்.

மெசேஜ் 2: நான்கு டிஸ்க்கும் சரி என்கிறது, அளவு மட்டும் பழையது

"க்ரோ" கொடுத்த சில நொடிகளிலேயே எம்டிஸ்டாட் பைலில் [4/4] [யுயுயுயு] என்று வந்துவிடும். யு என்றால் அந்த டிஸ்க் இயங்குகிறது என்று பொருள். யு இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு வந்தால் அந்த டிஸ்க் இல்லை என்று பொருள். நான்கு யு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சித்தப்பா படித்துக் காட்டிய வரிகள் இவை:

எம்டி0 : ஆக்டிவ் ரெய்டு5 எஸ்டிஇ1[4] எஸ்டிடி1[3] எஸ்டிசி1[1] எஸ்டிபி1[0]
3906762752 பிளாக்ஸ் லெவல் 5 [4/4] [யுயுயுயு]
ரீஷேப் = 3.1% ஃபினிஷ்=1051.5 நிமிடம் ஸ்பீடு=30000 கே/செகண்ட்

இரண்டாவது வரியில் உள்ள அளவைப் பாருங்கள். 3906762752 கிலோபைட் என்பது 4 டெராபைட். அதாவது மூன்று டிஸ்க்குகளின் கணக்கு. ரீஷேப் 100 சதவீதம் முடிந்த பிறகுதான் இந்த எண் 5860144128 ஆக, அதாவது 6 டெராபைட்டாக மாறும். நடுவில் 50 சதவீதம் ஆனால் 5 டெராபைட் என்று காட்டாது. கடைசி நொடி வரை பழைய அளவு, பிறகு ஒரே தாவலில் புதிய அளவு. எனவே இங்கே நம்ப வேண்டியது மூன்றாவது வரியை. ரீஷேப் என்ற வரி இருக்கும்வரை வேலை நடந்துகொண்டிருக்கிறது. டீடெயிலில் "டெல்டா டிவைசஸ் : 1, (3->4)" என்று காட்டும் வரியும் அதையே சொல்கிறது.

மெசேஜ் 3: இரண்டாம் நம்பர் டிஸ்க்கைக் காணோம்!

சித்தப்பாவைப் பதற வைத்தது இதுதான். மேலே முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் உள்ள எண்களைக் கவனியுங்கள். 0, 1, 3, 4. இரண்டைக் காணவில்லை. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று எப்போதோ நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எனவே 2 என்றால் மூன்றாவது டிஸ்க் என்று சரியாகக் கணக்குப் போட்டு, கேபினெட்டில் மேலிருந்து மூன்றாவது டிஸ்க்கில் கை வைத்துவிட்டார்.

இந்த எண் டிஸ்க்கின் இட எண் அல்ல. டிஸ்க் சேர்ந்தபோது கொடுக்கப்பட்ட டோக்கன் நம்பர் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்று டிஸ்க்குகளுடன் புதிதாக ரெய்டு 5 உருவாக்கும்போது, எம்டிஆடம் முதல் இரண்டை மட்டும் முழு உறுப்பினராக வைக்கும். மூன்றாவதை ஸ்பேர் ஆகச் சேர்த்து, அதில் கணக்கை எழுதி நிரப்பும். இப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஸ்பேர் ஆக வந்ததால் அதற்கு 2 என்ற டோக்கன் கிடைக்காது, 3 கிடைக்கும். பிறகு வந்த நான்காவது டிஸ்க்குக்கு 4. இரண்டாம் நம்பர் டோக்கன் யாருக்கும் தரப்படவே இல்லை. எனவே அது காணாமல் போகவும் வழியில்லை.

சரிபார்க்க, டீடெயில் கொடுத்து அடியில் வரும் அட்டவணையைப் பாருங்கள். "நம்பர்" என்ற பத்தியில் 0, 1, 3, 4 இருக்கும். அதன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அதே வரிசையில் "ரெய்டு டிவைஸ்" என்ற பத்தியில் 0, 1, 2, 3 என்று ஒழுங்காக இருக்கும். இட எண் இதுதான்.

புதிதாக ரெய்டு உருவாக்கிய முதல் நாளில் "டிகிரேடட், ரெக்கவரிங்" என்று வந்து பயமுறுத்துவதும் இதே காரணத்தால்தான். புது டிஸ்க்குகள் பழுதாகிவிட்டன என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது முடியும் வரை பொறுத்திருங்கள்.

மெசேஜ் 4: முடிய 22 நாள் ஆகுமாம்!

ஃபினிஷ் என்ற இடத்தில் உள்ள நேரம் நிலையானது அல்ல. சமீபத்திய வேகம் கடைசி வரை நீடிக்கும் என்று வைத்துப் போடும் கணக்கு. விநாடிக்கு 30000 கிலோபைட் வேகம் என்றால் 2 டெராபைட் டிஸ்க்குக்கு மொத்தம் சுமார் 18 மணி நேரம். அதே நேரத்தில் நீங்கள் ஒரு பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் லினக்ஸ் உங்களுக்கு வழிவிட்டு ரீஷேப் வேகத்தைக் குறைத்துவிடும். வழக்கமான செட்டிங்கில் குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 1000 கிலோபைட். அந்த வேகத்துக்கு இறங்கினால் ஃபினிஷ் நேரம் 32 ஆயிரம் நிமிடங்களைத் தாண்டும். அதாவது 22 நாட்களுக்கும் மேல். காப்பி முடிந்ததும் மறுபடி 18 மணிக்கே வந்துவிடும். ஃபினிஷ் நேரத்தைப் பார்க்காமல் சதவீதத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சதவீதம் கொஞ்சமாவது ஏறினால் வேலை ஒழுங்காக நடக்கிறது.

யாரும் எதையும் காப்பி செய்யாதபோதும் வேகம் மிகக் குறைவாகவே இருந்தால் ஏதேனும் ஒரு டிஸ்க்கில் கோளாறு இருக்கலாம். அல்லது வாங்கிய டிஸ்க், ஓடு வேய்ந்தது போலத் தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர் வகையாக இருக்கலாம். இவை ரெய்டு வேலைக்குச் சரிப்படாது. கடையில் சி.எம்.ஆர் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மெசேஜ் 5: ரீஷேப் முடிந்தது, டிஎஃப் மட்டும் பழைய அளவையே காட்டுகிறது

இதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டு மனையைப் பக்கத்து மனையோடு சேர்த்துப் பெரிதாக்கிவிட்டீர்கள். காம்பவுண்டுச் சுவர் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. சுவர்தான் பைல் சிஸ்டம். அதைத் தனியாக நகர்த்த வேண்டும். எக்ஸ்ட்-4 பைல் சிஸ்டம் என்றால் "ரீசைஸ்-2-எஃப்எஸ்" கட்டளை. எக்ஸ்எஃப்எஸ் என்றால் அதற்குரிய "க்ரோ எஃப்எஸ்" கட்டளை. நடுவில் எல்விஎம் என்ற அடுக்கு இருந்தால் முதலில் அதனைப் பெரிதாக்கிய பிறகே பைல் சிஸ்டத்துக்கு வர வேண்டும்.

சுவரை நகர்த்திய பிறகும் 6 டெராபைட் காட்டாது. சுமார் 5.5 என்றுதான் காட்டும். டிஸ்க் தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். டிஎஃப் 1024ஆல் பெருக்குகிறது. டேட்டா எதுவும் தொலையவில்லை.

மெசேஜ் 6: "ஸ்பேர்ஸ் மிஸ்ஸிங்" என்று மெயில்

சித்தப்பாவுக்கு அன்று இரவு வந்த மெயில் இது. இதற்குக் காரணம் நான்தான். ரெய்டை முதன்முதலில் உருவாக்கிய அன்று, மூன்றாவது டிஸ்க் இன்னும் ஸ்பேர் ஆக இருந்து நிரம்பிக்கொண்டிருந்த வேளையில், அவசரப்பட்டு அதன் விவரங்களைக் கான்ஃபிகரேஷன் பைலில் எழுதிவிட்டேன். அதனால் "ஸ்பேர் 1" என்றும் அதில் பதிவாகிவிட்டது. நிரம்பி முடிந்ததும் ஸ்பேர் முழு உறுப்பினர் ஆகிவிட்டது. ஆனால் பைலில் எழுதியது மாறவில்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கண்காணிக்கும் புரோகிராம் "ஒரு ஸ்பேர் இருக்க வேண்டுமே, எங்கே?" என்று கேட்டு மெயில் அனுப்பும். அந்தக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வதே அபூர்வம் என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. புதிய டிஸ்க் மாட்டுவதற்காக அன்று நிறுத்தி இயக்கியதும் வந்துவிட்டது.

தீர்வு எளிது. கான்ஃபிகரேஷன் பைலைத் திறந்து, ரெய்டைக் குறிப்பிடும் வரியில் உள்ள ஸ்பேர் எண்ணிக்கையை நீக்குங்கள். அங்கே டிஸ்க்குகளின் எண்ணிக்கை 3 என்று எழுதியிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். ரெய்டின் அடையாள எண் மட்டும் இருந்தால் போதும். பிறகு டெபியன் வகை லினக்ஸில் "அப்டேட் இனிட்-ராம்-எஃப்எஸ்" கட்டளையையும் ஒரு முறை கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் பூட் ஆகும்போதும் புதிய விவரம் கிடைக்கும்.

மெசேஜ் 7: ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் "செக்" என்று ஏதோ ஓடுகிறது

டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ரெய்டு முழுவதும் தானாகவே சரிபார்க்கப்படும். எம்டிஸ்டாட் பைலில் சதவீதத்துடன் ஒரு வரி ஓடும். அந்த வரி "செக்" என்று தொடங்கினால் அது பரிசோதனை. "ரெக்கவரி" என்று தொடங்கினால்தான் ஒரு டிஸ்க்கை மறுபடி நிரப்பும் வேலை. முதல் சொல்லைப் படித்த பிறகு சதவீதத்தைப் படியுங்கள்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியவை

இதுவரை படித்துவிட்டு எல்லா மெசேஜும் பொய் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கீழே உள்ளவை உண்மையான அபாயங்கள்.

* யு வர வேண்டிய இடத்தில் அடிக்கோடு. எடுத்துக்காட்டாக [யுயு_யு].
* டிஸ்க்கின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எஃப் என்ற எழுத்து. ஃபெயில்டு என்பதன் சுருக்கம்.
* பழைய ரெய்டில் திடீரென "டிகிரேடட்" என்று ஸ்டேட்டஸ்.
* ஸ்மார்ட் பரிசோதனையில் 5ஆம் எண் அல்லது 197ஆம் எண் வரியின் கடைசியில் பூஜ்யத்துக்குப் பதில் வேறு எண் தோன்றி, நாளுக்கு நாள் கூடுவது.

கடைசியாகச் சொன்னதில் ஒரு எச்சரிக்கை. ஸ்மார்ட் ரிப்போர்ட்டின் தலைப்பில் "பாஸ்டு" என்று பெரிதாக வரும். அதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 197ஆம் வரியில் படிக்க முடியாத செக்டர்கள் பல இருக்கும்போதும் தலைப்பு "பாஸ்டு" என்றே சொல்லும். நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று நினைப்பதைவிட, கெட்ட டிஸ்க்கை நல்லது என்று நினைப்பதே அதிக ஆபத்து. எனவே விரிவாக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன் எல்லா டிஸ்க்குகளின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் முழுவதும் படித்துவிடுங்கள். ரீஷேப் நடக்கும்போது ஒவ்வொரு டிஸ்க்கும் மணிக்கணக்கில் ஓயாமல் உழைக்கும். நோயாளி டிஸ்க் அந்த நேரத்தில்தான் படுக்கும்.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்

உண்மையிலேயே ஒரு டிஸ்க் பழுது என்று உறுதியானாலும், எஸ்டிடி என்ற பெயரை வைத்துக் கேபினெட்டில் தேடாதீர்கள். இந்தப் பெயர்கள் பூட் ஆகும்போது கொடுக்கப்படுபவை. புதிய டிஸ்க் மாட்டிய பிறகு நேற்றைய எஸ்டிடி இன்று எஸ்டிஇ ஆகலாம். "எல்எஸ்-பிளாக்" கட்டளையில் சீரியல் நம்பரையும் காட்டச் சொல்லுங்கள். அந்த எண் டிஸ்க்கின் மேல் உள்ள லேபிளிலும் இருக்கும். ஒவ்வொரு சீரியல் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிஸ்க்கின் வெளியே தெரியும் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நள்ளிரவில் கை தவறாமல் காக்கும்.

கடற்கரைப் பகுதிகளில் இன்னொரு விஷயம். பாலவாக்கம் போன்ற இடங்களில் உப்புக் காற்று கேபிள் முனைகளை அரித்துவிடுகிறது. டிஸ்க் போய்விட்டது என்று நினைத்ததில், சாட்டா கேபிளை மாற்றியதும் சரியானதை நானே பார்த்திருக்கிறேன். ஷட் டவுன் செய்துவிட்டு முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் போனால்?

ரீஷேப் எதுவரை நடந்தது என்ற குறிப்பு டிஸ்க்குகளிலேயே எழுதப்படுகிறது. நடுவில் முறையாக ஷட் டவுன் செய்தால் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் திடீரென்று கரண்ட் போவது வேறு. எழுதிக்கொண்டிருந்த பகுதி அரைகுறையாக நின்றுவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வானிலை அறிவிப்பு இருக்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். யுபிஎஸ் இல்லாமல் எந்த நாளிலும் தொடங்காதீர்கள்.

விண்டோஸ், இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோருக்கு

2012ல் விண்டோஸ் 8உடன் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வசதியிலும் இத்தகைய குழப்பம் உண்டு. கையில் 4 டெராபைட் டிஸ்க்குகளே இருந்தாலும் 10 டெராபைட் ட்ரைவ் ஒன்றை அதில் உருவாக்க முடியும். மை கம்ப்யூட்டரில் 10 டெராபைட் என்றே காட்டும். இல்லாத இடத்தை நம்பி நிரப்பாதீர்கள். கண்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தில் பூல் என்ற பகுதியில் உள்ள அளவே உண்மையானது.

இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு ரெய்டு-இசட் தொகுப்பில் ஒரு டிஸ்க்கை மட்டும் சேர்த்து விரிவாக்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3ல் கிடைத்தது. அதில் விரிவாக்கிய பிறகும் காலி இடத்தைப் பழைய விகிதத்திலேயே கணக்கிட்டுக் காட்டும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரியும். அதுவும் கணக்கின் கோளாறுதான், டிஸ்க்கின் கோளாறு அல்ல.

ரெய்டு பேக் அப் அல்ல

ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே ஒரு பைலை அழித்துவிட்டால் நான்கு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும். வைரஸ் வந்தாலும், எஸ்எம்பிஎஸ் எரிந்தாலும், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தாலும் அதே கதைதான். முக்கியமான பைல்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

சித்தப்பாவின் ரீஷேப் மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு முடிந்தது. நான் நேரில் போய் பைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கினேன், கான்ஃபிகரேஷன் பைலில் என் தவறைத் திருத்தினேன், நான்கு டிஸ்க்குகளிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். இரண்டு கல்யாண வீடியோக்களும் அந்த வாரமே பார்ட்டிகளிடம் போய்ச் சேர்ந்தன. இப்போது வேலை முடிந்த பிறகே மெமரி கார்டுகளை அழிக்கிறார். ஒவ்வொரு கல்யாணத்தின் ஒரு பிரதியும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் மயிலாப்பூரில் உள்ள அத்தை வீட்டு பீரோவுக்குப் போகிறது.

நினைவில் வைக்க

* புதிய டிஸ்க்கின் பக்கத்தில் எஸ் இருந்தால் "க்ரோ" இன்னும் கொடுக்கவில்லை.
* நான்கு யு இருந்தாலும் ரீஷேப் வரி மறையும் வரை காத்திருக்கவும்.
* சதுர அடைப்புக்குறிக்குள் உள்ள எண் டோக்கன் மட்டுமே.
* ஃபினிஷ் நேரத்தை விடுத்து சதவீதத்தைப் பார்க்கவும்.
* டிஎஃப் மாறாவிட்டால் பைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கவும்.
* ஸ்பேர்ஸ் மிஸ்ஸிங் மெயில் வந்தால் முதலில் கான்ஃபிகரேஷன் பைலைப் பார்க்கவும்.
* சீரியல் நம்பர் பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் கழற்ற வேண்டாம்.